நீங்க உக்காருங்க, நாங்க பொங்குதோம்

எங்கள் ஆயர் நல்ல மனிதர். சாவுச் செய்தியைக்கூட ஆசீர்வாதம் கூறுகிற குரலில்தான் சொல்வார். அன்றைக்கும் ஆராதனை முடிந்து அங்கியைக் கழற்றி மடித்தபடியே, "இந்த வருஷம் பாக்கலாம்மா. கூட்டம் இப்படியே இருந்தா ஈஸ்டரோட இங்க ஆராதனைய நிறுத்திடுவோம். எல்லாரும் பெரிய சர்ச்சுக்கே வந்துடுங்க, வேன் வெச்சுக்கலாம்" என்றார். நாங்கள் ஏழெட்டுப் பேர் இருந்தோம். அதில் ஒரு தாத்தாவுக்குக் காது கேட்காது. அவர் மட்டும்தான் சிரித்த முகத்தோடு தலையாட்டினார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வல்லம் வடகால் தொழிற்பேட்டைக்குப் பின்னால், கம்பெனிச் சுவர்கள் முடிகிற இடத்தில் இருக்கிறது எங்கள் தெரு. ரேஷன் அட்டையில் அதற்கு ஒரு நல்ல பெயர் உண்டு. ஊர்க்காரர்கள் காலனி என்பார்கள். எந்த டம்ளரில் குடிக்க வேண்டும் என்று டீக்கடை எங்களுக்குச் சொல்லியிருக்கிறது, எந்தப் பந்தியில் சாப்பிட வேண்டும் என்று ஊர்க் கல்யாண வீடு சொல்லியிருக்கிறது, எங்கே உட்கார வேண்டும் என்று பள்ளிக்கூடமே சொல்லியிருக்கிறது. எதுவும் சொல்லாத ஒரே கட்டடம் அந்த ஓட்டுக்கூரை சர்ச்தான். அதை மூடிவிட்டு வேனில் ஏறிப் பெரிய சர்ச்சுக்குப் போனால் நான் ஓரத்து நாற்காலி. இங்கே நான் மணியடிப்பவள், கூட்டுபவள், சண்டை போடுபவள். அந்த இடத்தை விட எனக்கு மனசில்லை.

ஆயரைக் குறை சொல்லவும் முடியாது. எங்கள் பிள்ளைகளில் பாதிப்பேர் தாம்பரம் பக்கம் குடி போய்விட்டார்கள். மீதிப் பேருக்கு ஞாயிற்றுக்கிழமை என்றால் ஓ.டி., அதாவது இரட்டைச் சம்பளம். என் வீட்டுக்காரர் கிறிஸ்துமஸ் ஸ்டார் கட்டுவதில் யாரோடோ வாய்த்தகராறு வளர்ந்து, இனி அந்த வாசலை மிதிக்க மாட்டேன் என்று சபதம் போட்டு உட்கார்ந்திருந்தார். உபதேசியார் என்று ஒருவர் உண்டு, ஆயர் வராத வாரங்களில் ஆராதனை நடத்துபவர். அவர் பிரசங்கம் பண்ணும்போது எனக்கே கண் சொக்கும்.

நான் ஒரகடம் பக்கம் ஒரு கம்பெனி கேன்டீனில் சமையல் வேலை பார்க்கிறேன். ஒருநாள் மத்தியானம் வேலை முடிந்து வரும்போது, சர்ச் காம்பவுண்டுச் சுவரோரம் ஒரு பெண் துப்பட்டாவால் முகத்தை மூடிக்கொண்டு, பக்கத்தில் ஒரு பையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். தெரிந்த பெண்தான். தெற்கே கடற்கரைப் பக்கத்துக்காரி, அதே கம்பெனியில் உற்பத்தி லைனில் வேலை. ஊருக்குள் ஒரு மாடியறையில் நாலைந்து பிள்ளைகளோடு வாடகைக்கு இருந்தாள். சில ஞாயிறுகளில் எங்கள் சர்ச்சில் கடைசிப் பாயில் உட்கார்ந்து, ஆசீர்வாதத்துக்கு முன்னாலேயே ஷிப்டுக்கு ஓடிவிடுவாள்.

"இன்னாடி இது, மூஞ்சியெல்லாம்?"

"அம்ம போட்டிருக்கு ஆன்ட்டி. ஹவுஸ் ஓனர் ரூம காலி பண்ணச் சொல்லிட்டாவ. இந்த மூஞ்சியோட பஸ்ல ஏத்த மாட்டேங்குதாவ. அப்பா ஆஸ்பத்திரில கெடக்காவ, எங்கம்மைக்கு அவியள விட்டுட்டு வர முடியாது."

அவளை நிழலில் உட்கார வைத்துவிட்டு வீட்டுக்கார அம்மாவிடம் சண்டைக்குப் போனேன். அவள் என்னை வாசற்படிக்குக் கீழேயே நிறுத்திப் பேசினாள். "நான் ஒண்ணும் கல்நெஞ்சுக்காரி இல்ல. அம்மா வந்துகீறா. வாசல்ல வேப்பில சொருகணும், கூழு ஊத்தணும், கையெடுத்துக் கும்பிடணும். இதுங்க ஏசு படத்த மாட்டிக்கினு கீதுங்க. நாளைக்கி எம் பேரன் மேல எறங்கினா நீ வந்து பதில் சொல்லுவியா?" அவள் பயம் நிஜமான பயம்தான். அதற்காக என் கோபம் ஒன்றும் குறைந்துவிடவில்லை.

சர்ச்சுக்குப் பின்னால் ஒரு சின்ன அறை உண்டு. கிழிந்த பாய்கள், போன வருஷத்து ஸ்டார், பாடாத ஆர்மோனியம் எல்லாம் அதில்தான் கிடந்தன. நான் அவற்றை வெளியே இழுத்துப் போடும்போது உபதேசியார் ஓடி வந்தார்.

"கமிட்டியக் கேக்காம எப்படிம்மா?"

"கமிட்டின்னா யாரு? நீங்க, நானு, காது கேக்காத தாத்தா. நான் சரின்னுட்டேன். தாத்தா எல்லாத்துக்கும் தலையாட்டுவாரு. ரெண்டு ஓட்டு ஆச்சா?"

உடனே அவர், வாசலில் சொருக நான் ஒடித்து வைத்திருந்த வேப்பிலைக்குத் தாவினார். சர்ச்சில் வேப்பிலை சொருகினால் பார்க்கிறவர்களின் விசுவாசத்துக்கு இடறலாகிவிடும் என்றார். "வேப்பமரம் ஞானஸ்நானம் வாங்கலேன்னு இப்பத்தான் ஞாபகம் வந்துச்சா? அது நெழல்ல நாற்காலி போட்டுக்கினு வேதபாடம் நடத்தும்போது தெரியலியா?" என்று கேட்டேன். மறுநாள் அவரே ஒரு கட்டு வேப்பிலையை ஒடித்துக்கொண்டு வந்து, முன் கதவைத் தொடாமல் பின்னறை ஜன்னலில் சொருகினார். ஜன்னல் என்றால் இடறல் இல்லையாம்.

சின்ன வயதில் எனக்கு அம்மை வந்து போய்விட்டதால் பயமில்லை. தெருவில் என்னைப் போல வந்து போன பெண்களைத் திரட்டி முறை வைத்தேன். அரசாங்க ஆஸ்பத்திரி நர்ஸ் சொன்ன மாத்திரையை ஒருத்தி வேளைக்குக் கொடுப்பாள், ஒருத்தி துணி துவைப்பாள், ஒருத்தி இளநீர் வாங்கி வருவாள். கஞ்சி என் பொறுப்பு. அந்தப் பெண்ணின் உள்ளங்கையில்கூடக் கொப்புளம். கரண்டி பிடிக்க முடியாது. மோர் விட்டுக் குழையப் பிசைந்து நானே ஊட்டினேன். எரிச்சலில் அழுதுகொண்டே வாயைத் திறந்து திறந்து வாங்கிக்கொண்டாள். பெற்ற பிள்ளைக்கு ஊட்டியதுபோலத்தான் இருந்தது எனக்கு. அதைச் சொல்லிக்கொள்வதில் வெட்கம் ஒன்றுமில்லை.

அவளைப் பார்க்க அறைத் தோழிகள் வந்தார்கள். ஷிப்டு முடிந்து யூனிஃபார்மோடு வந்து ஜன்னலுக்கு வெளியே நின்று பேசிவிட்டு, அப்படியே சர்ச்சுக்குள் வந்து ஒரு ஜெபம் பண்ணிவிட்டுப் போவார்கள். தலைக்குத் தண்ணீர் ஊற்றி அவள் எழுந்து நடமாடத் தொடங்கியபோது, மஞ்சள் காமாலையோடு இன்னொருத்தி வந்தாள். பிறகு பைக்கிலிருந்து விழுந்து கால் பிசகிய ஒரு பையன் வந்தான். தென்பகுதிப் பிள்ளைகள் தங்கியிருக்கிற அறை அறையாகச் செய்தி போயிருக்கிறது, காய்ச்சல் என்றால் அந்தச் சர்ச்சில் பார்த்துக்கொள்வார்கள் என்று. வந்தவர்கள் குணமானதோடு நின்றுவிடவில்லை, ஞாயிற்றுக்கிழமையும் வந்தார்கள். அவர்களுக்காக ஆராதனையை மாலை நான்கு மணிக்கு மாற்றினோம். பாய் போதவில்லை. நாங்கள் இழுத்து இழுத்துப் பாடுகிற பாட்டை அவர்கள் துள்ளுகிற ராகத்தில் பாடினார்கள். பாதியில் எங்கள் ராகமும் அவர்கள் ராகமும் முட்டிக்கொண்டு, எல்லோரும் சிரித்து, மறுபடி முதலிலிருந்து தொடங்குவோம்.

அதைப் பார்த்து எங்கள் ஆட்களும் எட்டிப் பார்த்தார்கள். தெருவில் எலக்ட்ரிக் வேலை செய்கிறவன் யாரும் கேட்காமலே ஃபேனைச் சரி செய்தான். அறையில் கிடப்பவர்களுக்குத் தண்ணீர் வேண்டுமே என்று ஒருநாள் என் வீட்டுக்காரர் கேனைத் தோளில் வைத்துக்கொண்டு உள்ளே வந்தார். வந்தவர் சபதத்தை மறந்து உட்கார்ந்துவிட்டார். நான் பார்க்காத மாதிரி இருந்துகொண்டேன். உபதேசியாரின் பிரசங்கம்கூட நன்றாக ஆகிவிட்டது. நேற்றுத் தூக்கிவிட்ட நோயாளியைப் பற்றிப் பேசும்போது யாருக்குத்தான் பேச்சு வராது? பிரசங்கத்தாலும் கன்வென்ஷன் நோட்டீஸாலும் ஆகாத காரியம் ஒரு சட்டிக் கஞ்சியால் ஆனது என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தேன். அந்த மாதங்களில் நான் சந்தோஷமாக இருந்தேன்.

ஈஸ்டருக்கு முன்னால் ஆயர் வந்து பார்த்து முடிவு சொல்வதாக இருந்தது. அன்றைக்கு மட்டும் ஆராதனை காலையில். அம்மை வந்த பெண்தான் அந்த யோசனையைச் சொன்னாள். "எங்க ஊர்ல அசனம் வைப்போம் ஆன்ட்டி. சபையார் எல்லாரும் ஒண்ணா ஒக்காந்து சாப்புடுவோம். அன்னைக்கி இங்கயும் வச்சிருவோமா?" எனக்குக் கால் தரையில் பாவவில்லை. கேன்டீனில் பெரிய அண்டாக்களோடு புழங்குகிறவள் நான், சமையலுக்கு என்னை விட்டால் யார் என்று அடுப்புக்கட்டி முதற்கொண்டு மனசுக்குள் இடம் பார்த்துவிட்டேன்.

ஆனால் முந்தின நாளே அவளுடைய அம்மா வந்துவிட்டாள். அப்பாவுக்கு உடம்பு தேறிவிட்டதாம். கூடவே ஒரு மாமா, ஊர்ப் பெரியவர்கள் இரண்டு பேர், ஒரு சமையல்காரர், வேனில் பாத்திரங்கள். இங்கே வேலை செய்கிற அவர்கள் ஊர்ப் பையன்கள் காய் நறுக்க உட்கார்ந்துவிட்டார்கள். நான் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு அடுப்பருகே போனேன். அந்த அம்மா என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். அவள் கண் கலங்கியிருந்தது.

"எம்புள்ளய இத்தன நாளு பாத்தியள்லா யக்கா. நீங்க ஒண்ணுஞ் செய்யப்பிடாது. நீங்க உக்காருங்க, நாங்க பொங்குதோம்."

வாழ்நாளில் என்னை யாரும் உட்காரச் சொல்லி, அவர்கள் சமைத்ததில்லை. வீட்டில் இல்லை, கேன்டீனில் இல்லை, ஊர்க் கல்யாணத்தில் கேட்கவே வேண்டாம். தெருப் பெண்களிடம் ஓடிப்போய், "பட்டுப்பொடவ கட்டிக்கினு வாங்கடி. நாளைக்கி நாமதான் மகாராணிங்க" என்றேன். எங்களில் ஒருத்தி மட்டும், "அது இன்னாக்கா, ஒரு வெங்காயங்கூட நம்மள உரிக்க விடமாட்டேன்றாங்க?" என்று கேட்டாள். நன்றி செலுத்துகிறவர்களைச் சந்தேகப்படாதே என்று அவள் வாயை அடைத்தேன்.

கை சும்மா இருக்குமா? காலையில் எழுந்து வீட்டில் ஒரு பாத்திரம் சேமியா பாயசம் வைத்தேன். முந்திரி கொஞ்சம் தாராளமாகவே போட்டேன். கொண்டுபோய் மற்ற பாத்திரங்களோடு வைத்துவிட்டு ஆராதனைக்குப் போனேன். ஆயர் அன்று தொண்டு செய்வதைப் பற்றித்தான் பிரசங்கித்தார். கூட்டம் வாசல் வரை நின்றது. கடைசியில், "இது உயிருள்ள சபை. இங்க ஆராதனை நிக்காது" என்று அறிவித்தார். எல்லோரும் கை தட்டினார்கள். நான் அழுதேன். காது கேட்காத தாத்தா நான் அழுவதைப் பார்த்துவிட்டு, மூடிவிட்டார்கள் என்று நினைத்து அவரும் அழுதார். அவருக்குச் சைகையில் விளங்க வைப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது.

முதல் பந்தியில் எங்களைத்தான் உட்கார வைத்தார்கள். இலை நிறையச் சோறு, கறிக்குழம்பு, கத்தரிக்காய்க் கூட்டு. போதும் என்றாலும் விடாமல் பரிமாறினார்கள். பாயசம் மட்டும் வரவில்லை. மறந்துவிட்டார்கள் போல என்று கை கழுவிவிட்டுப் பின்பக்கம் போனேன். அங்கே அவர்கள் ஊர்ப் பெரியவர்களும் அந்த அம்மாவும் பையன்களும் தனியாக இலை போட்டு உட்கார்ந்திருந்தார்கள். என் பாத்திரம் சுவரோரம் மூடிய மூடியோடு இருந்தது. நான் கரண்டியை எடுத்து மூடியைத் திறந்தேன். அந்த அம்மா பதறி எழுந்து என் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"அது அப்புறமா யக்கா. பயலுவ இனிப்பு திங்க மாட்டானுவ."

அவளுக்குப் பின்னால் மாமா தணிந்த குரலில் யாரிடமோ கேட்டது எனக்குக் கேட்டது. "அது அவிய வீட்லேருந்து வந்ததுலா? நம்ம எலையில ஊத்தல்லியே?"

அப்போதுதான் எல்லாவற்றையும் பார்த்தேன். என் வீட்டுக்காரர் தூக்கி வந்து வைத்த தண்ணீர்க் கேன்கள் சீல்கூட உடைக்காமல் இருந்தன. அவர்கள் குடித்துக்கொண்டிருந்தது மெயின் ரோட்டிலிருந்து தனியாக வாங்கி வந்த தண்ணீர். வெங்காயம் உரிக்க விடாதது, அடுப்பருகே விடாதது, எங்களை முன்னால் தனிப் பந்தியில் உட்கார வைத்தது எல்லாம் ஒரே காரணத்துக்காகத்தான். எங்கள் கை பட்டதை அவர்கள் சாப்பிட மாட்டார்கள். அதை வாய்விட்டுச் சொல்லாமல் இருக்க எங்களுக்கு விருந்து வைத்தார்கள். நான் அதைப் போய் மரியாதை என்று நினைத்துப் பட்டுப்புடவை கட்டிக்கொண்டு வந்து உட்கார்ந்திருந்தேன். காது மடல் வரை எரிந்தது.

அந்தப் பெண்ணைத் தனியாகப் பின்னறைக்கு அழைத்துப் போனேன். அவள் தலை நிமிரவில்லை.

"எங்கம்மைக்காவத்தான் ஆன்ட்டி. ஹவுஸ் ஓனரம்மா சொல்லிட்டாவ, காலனி சர்ச்சுலதான் கெடந்தா ஒம்மவள்னு. ரூம் புள்ளைகதான் கஞ்சி கொண்டாந்து தந்தாளுவன்னு சொல்லி வச்சிருக்கேன். நான் ஒங்க கையால சாப்ட்டது தெரிஞ்சா அம்ம உசுர விட்ருவா."

"கேன்டீன்ல தெனமும் தட்ட நீட்டிக்கினு நிக்கிறியே, அந்தச் சோறு யாரு வடிச்சதுடி?"

"அது கம்பெனிச் சோறுலா ஆன்ட்டி" என்றாள். குத்திக் காட்டுவதற்காக அவள் சொல்லவில்லை. உண்மையிலேயே அவளுக்கு அது வேறு, இது வேறு.

வெளியே ஆயர் எல்லோரையும் வரிசையாக நிற்க வைத்துப் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார். போய் அவரிடம் போட்டு உடைத்துவிடலாம் என்று தொண்டை வரை வந்தது. உடைத்தால் என்ன ஆகும் என்றும் தெரிந்தது. அந்த மாமா வேனைக் கிளப்புவார். அந்தப் பிள்ளைகள் போகும். அடுத்த ஞாயிறு மறுபடி நாங்கள் ஏழெட்டுப் பேர். எங்கே உட்கார வேண்டும் என்று எங்களுக்குச் சொல்லாத ஒரே கட்டடத்தைக் காப்பாற்ற வேண்டுமானால், அதன் பின்கட்டில் அவர்கள் எங்களுக்கு அதைச் சொல்லிவிட்டுப் போனதை நான் விழுங்க வேண்டும். விழுங்கினேன். போட்டோவில் ஆயருக்குப் பக்கத்தில் நிற்கிறேன், பல் தெரிகிறது. பாயசத்தைத் தெருப் பிள்ளைகளுக்கு ஊற்றிக் கொடுத்தேன். என் வீட்டுக்காரர் ஏன் மிஞ்சியது என்று கேட்டார். சர்க்கரை தூக்கலாகிவிட்டது என்றேன்.

அப்படி விழுங்கியும் அவர்கள் தங்கவில்லை. சில மாதங்களில் மெயின் ரோட்டில் ஒரு செல்போன் கடைக்கு மேல்மாடியை எடுத்து, கீபோர்டு, டிரம்ஸ் எல்லாம் வைத்து அவர்களே ஆராதனை ஆரம்பித்தார்கள். ஷிப்டுக்கு வசதியாம். ஆயர் போய் ஜெபித்துத் திறந்து வைத்தார். ஒரு சபை இரண்டானது ஆசீர்வாதம்தானே என்று என்னிடம் சொன்னார். அந்தப் பெண்ணும் அங்கேதான் பாடுகிறாள். கேன்டீன் வரிசையில் என்னைப் பார்த்தால் சிரிப்பாள். நானும் ஒரு அப்பளம் கூடுதலாக வைப்பேன். கம்பெனி அப்பளம்தானே.

எங்கள் சர்ச்சை மூடவில்லை. ஞாயிற்றுக்கிழமை எங்கள் ஆட்கள் வருகிறார்கள், முன்பைவிட அதிகமாகவே. ஃபேன் ஓடுகிறது. என் வீட்டுக்காரர் இரண்டாவது வரிசையில் உட்கார்ந்து பாட்டைக் கெடுக்கிறார். பின்னறையில் எப்போதும் யாராவது படுத்திருக்கிறார்கள். அநேகமாக அந்த மாடியிலிருந்து வந்தவர்கள்தான். நோய் வந்தால் இங்கே, குணமானால் அங்கே. முதல் தடவை அப்படி ஒருவன் வந்தபோது கதவைச் சாத்திவிட வேண்டும் என்றுதான் இருந்தது எனக்கு. அவன் நின்ற நிலையில் நடுங்கிக்கொண்டிருந்தான். நான் சாத்தவில்லை. அதனால் என் மனசு ஆறிவிட்டது என்று யாரும் நினைக்க வேண்டாம்.

போன வாரம் அந்த மாடிச் சபையை நடத்துகிற தம்பி போன் பண்ணினான். மரியாதையான பையன், நாசூக்காகப் பேசுவான்.

"யக்கா, ஊர்லேருந்து புதுசா வந்த பையன் ஒருத்தனுக்கு அம்ம போட்டிருக்கு. ரூம்ல வச்சிக்க மாட்டேங்குதாவ. ஒங்க சர்ச்சுல எடம் இருக்காக்கா? நாங்க இங்க அவனுக்காவ உபவாசம் இருந்து ஜெபிக்குதோம்."

"எடம் கீது. ஆனா இங்க நாங்கதான் சமைப்போம். எங்க தண்ணிதான், எங்க கஞ்சிதான். குடிப்பானான்னு கேட்டுட்டு அனுப்பு."

சமாதானப்படுத்துகிற குரலில், "காய்ச்சல்ல கெடக்கவனுக்கு அதெல்லாம் என்னக்கா, குடிப்பான்" என்றான்.

"தெரியும்பா. காய்ச்சல் விடுறவரைக்கும் குடிப்பான்" என்றேன். அவன் ஏதோ சொல்ல வந்தான். போனை வைத்துவிட்டு, அரிசி களைய எழுந்தேன்.